டூர் டி பிரான்ஸும் கரியமிலக் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நேரலையில் பார்க்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல். வீரர்கள் காலி பாட்டிலைச் சாலையோரம் எறிகிறார்கள். பின்னால் வரிசையாகக் கார்கள், மேலே ஹெலிகாப்டர். பெட்ரோலே தேவைப்படாத வண்டியின் பந்தயத்துக்கு இவ்வளவு எண்ணெய் எரிக்க வேண்டுமா? கண்ட இடத்தில் பாட்டில் எறிய இப்போது தடை என்கிறார்கள். அது வெறும் கண்துடைப்பா? எல்லாக் காரையும் மின்சாரக் காராக மாற்றினால் போதாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கண்துடைப்பு இல்லை. ஆனால் பாட்டிலுக்குக் கடைசியில் வருகிறேன். கணக்கில் அதன் இடம் அங்கேதான்.

டூரை நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனம் 2021 பந்தயத்துக்குத் தானே கணக்கெடுத்து வெளியிட்டது. மொத்தம் சுமார் 2,16,000 டன் கரியமில வாயு, அதில் 94 சதவீதம் பார்வையாளர்கள் வந்துபோனதால். நீங்கள் திரையில் பார்க்கும் கார், ஹெலிகாப்டர், விளம்பர ஊர்வலம் எல்லாமே மிச்சமுள்ள 6 சதவீதத்துக்குள் அடக்கம். டூருக்கு டிக்கெட் கிடையாது. மலைப்பாதைகளில் முந்தின நாளே கேம்பர் வேனில் வந்து இடம்பிடிப்பார்கள்.

2023 ஜூலை 9 அன்று, 1988க்குப் பிறகு முதன்முறையாக, பந்தயத்தின் ஒரு கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) பிரான்சின் புய் தெ டோம் எரிமலை உச்சியில் முடிந்தது. 2018 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். உச்சிக்கு ஏறுவது பற்சக்கர ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குறுகிய சாலை, சரிவு ஏறத்தாழ 12 சதவீதம். கடைசி 4 கி.மீ. தூரத்துக்குப் பார்வையாளரே இல்லை. மலைச்சரிவின் புல்லும் மண்ணும் மிதிபடாமல் தப்பின. சத்தமில்லாத ஏற்றம் சப்பென்று இருந்தது என்றார்கள் சிலர். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் அதனால் கரியமில வாயு குறைந்ததாகச் சொல்ல முடியாது. கூட்டம் அடிவாரத்துக்குக் காரில் வந்திருந்தால் புகை அதே புகைதான். அதைக் குறைக்க, ரயில் நிலையம் உள்ள ஊரில் கட்டத்தை முடிக்க வேண்டும், மலைச்சாலையை முந்தின இரவே கார்களுக்கு அடைத்துவிட்டு கீழிருந்து பஸ் விட வேண்டும், சைக்கிளில் வருபவர்களுக்குக் காவலுள்ள நிறுத்தம் தர வேண்டும். எல்லாமே வழித்தடம் வரையும்போதே முடிவாக வேண்டியவை. வரைபடம் வெளியானபின் ரயில் நிலையத்தைக் கொண்டுவர முடியாது.

அணிகளின் எண்ணெய்ச் செலவிலும் பெரும்பகுதியை வரைபடமே தீர்மானிக்கிறது. 2022 டூர் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது. மூன்றாம் கட்டம் அதே நாட்டின் சோண்டர்போரில் முடிய, அடுத்தது தொடங்கியது பிரான்சின் டன்கர்க்கில். வீரர்கள் விமானத்தில் போய்விடலாம். பஸ்ஸும் பட்டறை லாரியும் சாலை வழியாக சுமார் 900 கி.மீ. ஓடியாக வேண்டும். அதே ஆண்டு இத்தாலியின் ஜிரோ பந்தயம் ஹங்கேரியில் மூன்று நாள் ஓடிவிட்டு நான்காம் கட்டத்துக்கு சிசிலிக்குத் தாவியது. இப்படிப்பட்ட இடங்களில் அணிகள் இரண்டாவது தொகுதி வண்டிகளை முன்கூட்டியே அனுப்பிவைக்கும். வெளிநாட்டு நகரங்கள் தொடக்கத்துக்காகப் பெரும் பணம் தருகின்றன. அதுதான் இந்தப் பழக்கம் நிற்காததற்குக் காரணம். இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கட்டுப்படுத்தினாலே அணிகளின் கணக்கு கணிசமாக இறங்கும்.

மின்சாரக் கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டூரின் இயக்குநர் போகும் சிவப்பு ஸ்கோடா மின்சாரக் காராகவும் வந்திருக்கிறது. அணிக் காருக்கு அது அவ்வளவு எளிதில்லை. கூரைமேல் ஏழெட்டு சைக்கிள் நிற்பதால் காற்றுத்தடை கூடி பேட்டரி வேகமாக இறங்கும். 180 கி.மீ. மலைக்கட்டம் முடிந்ததும் ஓட்டலுக்கு இன்னும் நூறு கி.மீ. இருக்கலாம். இருபதுக்கு மேற்பட்ட அணிகள் ஒரே இரவில் சின்ன மலையூர்களில் தங்கும்போது சார்ஜர் போதாது. அதனால் இப்போதைக்கு சார்ஜ் செய்யும் பேட்டரியும் எஞ்சினும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட்டே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பஸ், லாரி, ஜெனரேட்டருக்குத் தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் எச்விஓ டீசல் ஊற்றலாம், எஞ்சினில் பெரும்பாலும் மாற்றம் தேவையில்லை. ஆனால் அது சமைத்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து வந்ததா என்று சான்றிதழ் பார்த்தே வாங்க வேண்டும். பாமாயிலிலிருந்து வந்தால் காட்டை அழித்து வந்த எண்ணெயாக இருக்கலாம், லாபம் போய்விடும்.

இனி பாட்டில். 2021 ஏப்ரல் 1 முதல் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ கெடுபிடியான விதி கொண்டுவந்தது: குறித்த குப்பை மண்டலத்துக்கு வெளியே எறியக் கூடாது. மூன்றே நாளில் பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸில் ரசிகர்களை நோக்கி பாட்டில் எறிந்த வீரர் மிக்கேல் ஷேர் பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் தளர்த்தினார்கள்: ஒருநாள் பந்தயத்தில் முதல்முறை அபராதமும் புள்ளிக்குறைப்பும், மறுபடி செய்தால் வெளியேற்றம். தளர்த்தியது நியாயமே. ரசிகர் கைக்குப் போகும் பாட்டிலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்.

எனக்குக் கவலை தருவது, வீரர்கள் ஓடிக்கொண்டே சாப்பிடும் சத்துக்கூழ் அடைத்த ஜெல் பொட்டலம். பாட்டில் பாலிஎதிலீன், கழுவினால் மறுசுழற்சிக்குப் போகும். ஜெல் உறையோ அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டியது, பிரிப்பது கடினம். அதிலும் மோசம், பல்லால் கிழித்துத் துப்பும் நகக்கண் அளவு மூலை. உறையைச் சட்டைப்பையில் திணிக்கும் வீரர்கூட இதைத் துப்பிவிடுவார். துப்புரவுக் குழு பாட்டிலைப் பொறுக்கும், புல்லுக்குள் விழுந்த இதைப் பார்க்காது. கிழித்த மூலை உறையோடு ஒட்டிக்கொண்டே தொங்கும் பொட்டலங்கள் ஏற்கெனவே கடையில் விற்கின்றன. பந்தயத்தில் அந்த வகையை மட்டும் அனுமதிக்க யூசிஐ விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.