பக்கத்து வீட்டு வியட்நாம் தாத்தாவுடன் என்ன படம் பார்ப்பது?

வணக்கம்,

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, பையனுக்குப் பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டுத் தாத்தா வியட்நாம் போரில் இருந்தவர். அவரையும் கூப்பிட்டு ஒரு ராணுவப் படம் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் 'சேவிங் பிரைவேட் ரயான்' இருக்கிறது. அதைப் போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். நல்ல படம்தான், ஆனால் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டாம் உலகப்போரில் கடும் சண்டை நடந்த ஓமஹா கடற்கரையில் இறக்கிவிட்டுவிடுவார்கள், இருபது நிமிடத்துக்கு மேல் மூச்சுவிட முடியாது. 1998இல் வெளிவந்தபோது, பார்த்துவிட்டுக் கலங்கிப்போன முன்னாள் வீரர்கள் பேசுவதற்கென்றே அரசின் படைவீரர் நலத்துறை ஒரு தொலைபேசி எண்ணைத் திறந்தது. உங்கள் தாத்தாவுக்குள் எது கிளறும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலில் அவரிடமே கேளுங்கள். ராணுவப் படமே வேண்டாம், ஏதாவது கௌபாய் படம் போடு என்றால் சரி, அதையே போடுங்கள்.

இன்னொன்று. போரில் இறந்தவர்களுக்கு மே கடைசித் திங்களில் மெமோரியல் டே தனியாக இருக்கிறது. நவம்பர் 11 என்பது 1918இல் முதல் உலகப்போர் ஓய்ந்த தேதி. ஆர்மிஸ்டிஸ் டே, அதாவது போர்நிறுத்த நாள், என்று இருந்ததை அதிபர் ஐசனோவர் காலத்தில், 1954இல், பட்டாளத்தில் இருந்த எல்லாருக்குமான நாளாக மாற்றினார்கள். அங்கே சமைத்தவர், லாரி ஓட்டியவர், கணக்கெழுதியவர், எதிரியை நோக்கி ஒருமுறைகூடச் சுடாதவர் எல்லாரும் இதில் சேர்த்தி. அப்படிப்பட்ட நாளுக்குச் சண்டைப் படங்களாகவே அடுக்குகிறார்களே என்று எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஊர் திரும்பிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லும் படங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன.

ஒன்றே ஒன்று சொல் என்றால் வில்லியம் வைலர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1946. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று பேர் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒருவர் வங்கிக்காரர், மறுபடி அதே வங்கி, ஆனால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொருவர் குண்டுவீச்சு விமானத்தில் அதிகாரியாக இருந்தவர், ஊரிலோ பழைய கடையின் கவுண்டர் வேலைதான் கிடைக்கிறது. மூன்றாவது ஆள் ஹோமர், இரண்டு கையும் போய் இரும்புக் கொக்கிகளோடு வருகிறான், காதலி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் விலகி விலகிப் போகிறான். ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸல் நடிகரே அல்ல. ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர், 1944இல் பயிற்சி முகாமிலேயே வெடிமருந்து வெடித்துக் கைகளை இழந்தவர், போர்க்களத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஒரே வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தார்கள். உடைப்பதற்காக வரிசையாக நிறுத்தியிருக்கும் பழைய விமானங்களில் ஒன்றுக்குள் அந்த முன்னாள் அதிகாரி ஏறி உட்காரும் காட்சி வரும்போது பையனைப் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், நடுவில் டீ குடிக்கலாம்.

நீங்கள் தனியாகப் பார்க்க ஜான் ஹூஸ்டனின் 'லெட் தேர் பி லைட்'. மனம் உடைந்துபோன வீரர்களின் சிகிச்சையைப் பற்றி ராணுவமே எடுக்கச் சொல்லி, பிறகு ராணுவமே 1980 வரை பூட்டிவைத்த ஆவணப்படம். ஒரு மணி நேரம்கூட ஆகாது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'தி ஹர்ட் லாக்கர்' வெடிகுண்டுப் படம் என்று பேர், எனக்கு அதில் நினைவிருப்பது சூப்பர் மார்க்கெட்தான். ஈராக்கில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்தவன், சுவர் முழுக்க அடுக்கிய காலை உணவு சீரியல் டப்பாக்களுக்கு முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பான்.

அப்புறம், சிரிக்காதீர்கள், முதல் ராம்போ படம். பின்னால் வந்த மெஷின் கன் கூத்தெல்லாம் 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்'டில் கிடையாது, அதில் சாவது ஒரே ஒருவன்தான். வியட்நாமில் லட்சக்கணக்கான டாலர் கருவிகளை என்னை நம்பிக் கொடுத்தார்கள், இங்கே கார் நிறுத்தும் வேலைகூட எனக்கு நிலைக்கவில்லை என்று கடைசியில் ராம்போவாக வரும் ஸ்டாலோன் உடைந்து அழுவார். அதைப் பற்றி உங்கள் தாத்தாவுக்கு ஒரு கருத்து கட்டாயம் இருக்கும், திட்டினாலும் திட்டுவார். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.