கந்தோர்ச் சுவரில் யார் படம்?

அண்ணன்,

நான் பிறந்தது மட்டக்களப்பு. 2001-இல் அங்கே உயர்தரம் எழுதினேன் (பள்ளிக்கூடத்தின் பெயர் உங்களுக்கு மட்டும், தளத்தில் போட வேண்டாம்). இப்போது இருப்பது டெக்சாஸ். இங்கே 2025-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டுமாம். பதினொரு வயது மகள் முதலாம் கட்டளையை வாசித்துவிட்டு, "வேற சாமி கும்பிடக் கூடாதாம் அம்மா, அப்ப நாம?" என்று கேட்டாள். பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, அரசாங்கச் சுவரில் இது கூடாது என்று பேசினேன். அன்றிரவு ஊருக்கு அம்மாவிடம் போன் எடுத்துப் பெருமையாகச் சொன்னேன். அம்மா, "உன்ட பள்ளிக்கூட வாசல்லயும் சரஸ்வதி இருந்ததுதானே மகள், முஸ்லிம் பிள்ளையளும் படிச்சதுதானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் புத்தர் சிலைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். சரஸ்வதியைப் பற்றி எழுதியதாக ஞாபகமில்லை.

ஒரு வாசகி, டெக்சாஸ்

அன்புள்ள தங்கச்சி,

எழுதவில்லைதான். கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது, ஆனால் உறுத்தவில்லை. அது என் சாமி, அதனால்.

சில வருடங்களுக்கு முன், ஒரு நவராத்திரி நேரம், காணி அலுவலாக ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். எங்கள் பக்கம் பல கந்தோர்களில் நடப்பதுதான். வாணி விழா, அதாவது சரஸ்வதி பூசை. கவுண்டரில் ஆளில்லை, உள்ளே பாட்டுக் கேட்கிறது. பியோன் வந்து, "பூசை முடியட்டும், ஒரு அரை மணித்தியாலம்" என்றார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஓட்டமாவடியிலிருந்து காலை ஆறரை பஸ் பிடித்து வந்த ஒரு உம்மா, மடியில் பைலோடு. அரை மணித்தியாலம் முக்கால் ஆயிற்று. அப்புறம் ஒரு பிள்ளை தட்டில் அவலும் கடலையும் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டியது. நான் வாங்கிச் சாப்பிட்டேன். உம்மா வாங்கி, கடதாசித் துண்டில் மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று வாங்கியிருக்கலாம், பைல் நகர வேண்டுமே என்றும் வாங்கியிருக்கலாம். எது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி உங்கள் ஊர்க் கதை. அரசுக்கும் மதத்துக்கும் நடுவே ஒரு சுவர் என்ற பேச்சு, அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1802-இல் எழுதிய ஒரு கடிதத்தில் வருகிறது. சாமி இல்லை என்பவர்கள் கேட்டு வாங்கிய சுவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடிதம் போனது கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு. நல்ல பக்திமான்கள். ஆனால் அங்கே அரசாங்கத்தின் சபை வேறு, இவர்கள் சிறுபான்மை. தங்கள் வழிபாடு உரிமையாக இல்லாமல் ஆள்பவர் காட்டும் தயவாக இருக்கிறது என்பதே அவர்கள் முறைப்பாடு. அதை வாசித்தபோது எனக்கு அந்தக் கடதாசிப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது.

அந்தச் சுவரும் நேராகப் போகவில்லை. 2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கென்டக்கியில் நீதிமன்றக் கட்டடங்களில் மாட்டிய பத்துக் கட்டளைகள் கூடாது என்றது. அதே நாள், உங்கள் டெக்சாஸ் சட்டசபை வளவில் 1961-இல் இருந்து நிற்கும் கட்டளைக் கல் நிற்கட்டும் என்றது. இரண்டும் நீதிபதிகள் ஐந்துக்கு நாலு என்று பிரிந்த தீர்ப்பு. இரண்டிலும் வெல்லும் பக்கம் நின்றவர் பிரேயர் என்ற நீதிபதி. கல் நிற்கட்டும் என்றதற்கு, நாற்பது வருடமாக யாரும் வழக்குப் போடவில்லையே என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. எனக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டமாவடி உம்மாவும்தான் வழக்குப் போடவில்லை.

வகுப்பறை பற்றிய உங்கள் பேச்சு சரி. 1980-இலேயே கென்டக்கியின் இதே மாதிரிச் சட்டத்தை அந்த நீதிமன்றம் தள்ளியது.

அதே 2005-இல், மே மாதம், திருகோணமலை பஸ் நிலையத்தருகே ஒரே இரவில் புத்தர் சிலை எழும்பியது. கடையடைப்பு நடந்தது, பிறகு சிலையைச் சுற்றி முட்கம்பியும் காவலும் வந்தன. அதுவும் சரஸ்வதி படமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஒன்றின் பின்னால் 1972-இல் இருந்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பு இருக்கிறது, மற்றதன் பின்னால் ஒரு பியோனும் அவல் தட்டும். ஆனால் வாங்கில் காத்திருப்பவருக்கு அந்த நேரம் அந்தப் பியோன்தான் அரசாங்கம்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் நாலு படம். புத்தர், பிள்ளையார், மக்கா, யேசு, எல்லாம் ஒரே படச்சட்டத்துக்குள். முஸ்லிம்கள் உருவம் வைப்பதில்லை, அதனால் கஃபாவின் போட்டோ. யேசுவுக்குப் பதில் மாதா படம் மாட்டினால், மாதாவை வணங்காத மெதடிஸ்த ஆள் உள்ளுக்குள் சிரிப்பார். வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர் என்ற பழங்குடியினர் தங்கள் சடங்குகளோடு வந்தால் ஐந்தாவது ஆணி அடிக்க இடமிருக்காது. புத்தர் எப்போதும் இடது பக்கம் முதலில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வீதி முழுக்கத் தோரணம் கட்டட்டும். முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் நடுவீதியில் பேரீச்சை நிற்கட்டும். பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை போகட்டும், நான் ஓரமாக நின்று வழி விடுவேன். உத்தியோகத்தர் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் படம் வைத்தால் அது அவர் சொந்த விஷயம். கவுண்டருக்கு மேலிருக்கும் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கட்டும் என்கிறேன். பிறப்புப் பத்திரம் எடுக்க உம்மா போவதற்கு வேறு கந்தோர் இல்லை. "அவங்க வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போறதில்லையா?" என்று யாராவது எழுதுவார்கள். போகிறார்கள், ஆனால் பள்ளிவாசலுக்கு. பள்ளிவாசலைக் கந்தோருக்குள் கொண்டுவருவதில்லை. ஆனாலும் கவுண்டர் காலியாகக் கிடந்தால் அதுவும் பிழைதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. போன மாதம் உங்கள் பள்ளிக்கூடப் பக்கம் போனேன். வாசலில் சரஸ்வதி இருக்கிறா. படம் போய்ச் சிலை வந்திருக்கிறது, கண்ணாடிக் கூட்டுக்குள், மின்விளக்கோடு. கீழே கறுப்புக் கல்லில் "உபயம்: 2001 உயர்தர மாணவர்கள்" என்று வெட்டியிருக்கிறது. அதற்கு நீங்களும் காசு அனுப்பினீர்களா, தங்கச்சி?