ஜெல் மீட்டரில் எண் கூடினால் தரம் கூடுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் முருங்கை, சொட்டுநீர்ப் பாசனம். போர் தண்ணீர் உப்பு. ஹைட்ரோஜெல் (தண்ணீரை உறிஞ்சி வைத்து வேருக்கு மெல்ல விடும் குருணை) விற்க வந்தவர், ஊறிய ஜெல்லில் ஒரு கையடக்கக் கருவியை வைத்துக் காட்டி, “எண் அதிகம், அதனால் தரமும் அதிகம்” என்றார். நம்பலாமா? கருவியை நானே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: எண் அதிகம் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். உங்கள் தண்ணீரில் அந்த எண் தப்பான பொருளைக்கூட நல்லது என்று காட்டும்.

அந்தக் கருவி ஜெல்லை லேசாக அழுத்துகிறது, அல்லது அதிர வைக்கிறது. கொடுத்த ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது மீள்தன்மை. எவ்வளவு உள்ளேயே அடங்கிப்போகிறது என்பது பாகுத்தன்மை. நுங்கை அழுத்திப் பார்த்திருப்பீர்களே! இளசு குழையும், முற்றினது விரலைத் திருப்பித் தள்ளும். அதைத்தான் இது எண்ணாகச் சொல்கிறது.

ஜெல் என்பது இழைகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்ட வலை மாதிரி. முடிச்சு கூடினால் விறைப்பு கூடும், தண்ணீர் பிடிப்பது குறையும். முடிச்சு போதாவிட்டால் கொழகொழவென்று கரையும். கால்சியம், மக்னீசியம் உள்ள உப்புத் தண்ணீரில் வலை சரியாக விரியாது. பாதி ஊறிய ஜெல் கெட்டியாகத்தான் இருக்கும், எண்ணும் ஏறும். விற்பனையாளர் அதைத்தான் தரம் என்கிறார். பாவம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

ஒரே வெப்பம், ஒரே ஊறல் நேரம், ஒரே தடிமன் என்று வைத்து இரண்டு சரக்கை ஒப்பிடுபவருக்கு அந்தக் கருவி உதவும். இரண்டு ஏக்கருக்கு வேண்டாம். சின்ன டிஜிட்டல் தராசு போதும். 1 கிராம் குருணையை 1 லிட்டர் மழைத்தண்ணீரிலும், இன்னொரு 1 கிராமை உங்கள் போர் தண்ணீரிலும் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் துணியில் வடிகட்டி எடை போடுங்கள். போர் தண்ணீரில் ஊறியதன் எடைதான் உங்களுக்கான கணக்கு. அதையே நிழலில் உலர்த்தி மூன்று முறை ஊறவைத்துப் பாருங்கள். விரலில் நூலாக இழுபட்டால் வலை சிதைகிறது என்று அர்த்தம்.

புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஹைட்ரோஜெல் எடையைப்போல் 350 மடங்கு உறிஞ்சும் என்பது தூய நீருக்கான கணக்கு. ஏக்கருக்கு 2 கிலோ போட்டாலும் ஒரு தடவைக்கு 700 லிட்டர்தான் பிடிக்கும். 1 மி.மீ. மழையே ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர்! அதனால் வயல் முழுக்கத் தூவினால் காசுதான் வீண். சொட்டுவான் சொட்டும் இடத்தில், வேர் இருக்கும் ஆழத்தில் மண்ணோடு கலந்து வையுங்கள். முதலில் பத்து மரத்துக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பத்தைச் சும்மா விடுங்கள். கோடையில் எது முதலில் வாடுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மீதிக்கு வாங்கலாம்.