நான்கு மணிப் பசிக்கு என்ன செய்வது?

சகோதரி, செம்பனை ஆலையில் வேலை முடிந்து வரும்போது சுங்கை சிப்புட் பஸ் நிறுத்தத்துப் பீசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) கடையைத் தாண்ட முடியவில்லை, இரத்தச் சர்க்கரையும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வெறும் வயிற்றோடு அங்கே போய் நின்றால் யாருக்குத்தான் முடியும்?

ஆலையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலையை மென்றுவிடுங்கள். புரதமும் நார்ச்சத்தும் உள்ளதால் பசி சற்று அடங்கும். ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் உள்ள கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை) கடைகளில் கிடைக்கும். உப்புக் குறைவாகப் பார்த்து வாங்குங்கள், பக்கத்திலேயே முறுக்கு பளபளக்கும், கண்டுகொள்ளாதீர்கள். சுண்டல் இன்னும் நல்லதுதான், ஆனால் நம் வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும்.

எனக்கு அதிகக் கோபம் தே தாரிக் என்ற பால் தேநீர் மீதுதான். அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள். முதலில் கசக்கும், நாக்கு பழகிவிடும். பீசாங் கோரேங்கை ஞாயிற்றுக்கிழமை வாங்கி, பிள்ளைகளோடு பங்கிட்டுச் சாப்பிடுங்கள்.