வாசகர் கேள்வி பதில்: மலைவீட்டு அறைக்குப் பொங்கல் ஒப்பனை

கேள்வி: சரிவை வெட்டிக் கட்டிய வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். மழை ஓய்ந்தபின் கூடத்தின் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்துள்ளது. பொங்கலுக்குள் 1,000 ரூபாய் செலவில் அறையைப் புதுப்பிக்க எண்ணுகிறோம். பூப்போட்ட வினைல் தாளை ஒட்டி அந்தச் சுவரை மறைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மறைக்க வேண்டாம், சகோதரி. வினைல் தாள் சுவரின் ஈரத்தை வெளியேறவிடாமல் அடைத்துவிடுவதால், மேலே பூக்கள் பளிச்சென்று தெரிய, அதன் பின்னே பூஞ்சணம் முன்னைவிடச் செழித்து வளரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். பால் பாக்கெட் ஒன்றைக் கழுவி உலர்த்தி, வெட்டி விரித்து, நான்கு ஓரங்களிலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கத்தில் கோத்திருந்தால் சமையல் ஆவியும், வீட்டுக்குள் உலர்த்தும் துணிகளும் காரணமாக இருக்கும்.

சரிவு வீடுகளில் பின்சுவரோடு மண் ஒட்டிக் கிடப்பது வழக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்வதால், ஐப்பசி கார்த்திகையில் மேடு குடித்த நீர் தை பிறந்த பின்னும் சுவர்வழியே கசியக்கூடும். வீட்டுக்காரரிடம் சொல்லி, சரிந்து விழுந்த மண்ணை அகற்றிப் பின்புற வாய்க்காலைத் தூர்வாரச் செய்யுங்கள். மேட்டின் அடியை மட்டும் யாரும் தோண்டிவிடக் கூடாது, அது மண்சரிவை வரவழைக்கும்.

பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் அதன் விதைத்தூள் அறை முழுவதும் பரவும். ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்துச் சுவரை நன்றாக உலரவிடுங்கள். அதன்பின் வீட்டுக்காரரின் இசைவோடு சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் தலைதூக்கவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது கல்லாக இறுகினாலும், சுவர் மூச்சுவிடுவதைத் தடுப்பதில்லை. நீர்த்த சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, சுவரை இலேசாக நனைத்துக்கொண்டு மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. காலையிலேயே தொடங்கினால் இரவுக் குளிருக்கு முன் சுவர் காய்ந்துவிடும். எமல்ஷன், ஆயில் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு என்பதால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கும் நல்ல மட்டைக்கும் போகட்டும். மிச்சத்துக்குப் பழைய பருத்திச் சேலையைத் தையற்காரரிடம் கொடுத்துத் திரைச்சீலையாக்குங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டு, சன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டினால், மூடுபனி நாளிலும் அறையில் வெளிச்சம் கூடித் தெரியும்.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து பைன் காய்களையும் பூக்களையும் கொண்டு அலங்காரம் செய்ய விரும்புகிறேன். எவை நீடிக்கும்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: சாலையோரம் உதிர்ந்த காய்களை மட்டும் பொறுக்குங்கள், காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம். பூச்சிகள் ஓடிவிடும்படி சில நாள் வெயிலில் காயவையுங்கள். அடுப்பருகே வைத்தால் அதிலுள்ள பிசின் தீப்பற்றும். வார்னிஷ் பூசாமலே விடும்படி நான் வற்புறுத்துவேன், ஏனெனில் காற்று உலர்ந்திருக்கும்போது செதில்களை விரிப்பதும், ஈரம் ஏறும்போது மூடிக்கொள்வதும் பைன் காயின் இயல்பு. அலமாரியில் வைத்த காய் மூடத் தொடங்கினால், அறையில் ஈரம் கூடுகிறது, காற்றோட்டம் வேண்டும் என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

நம் மலையின் அமில மண்ணில் நீலமாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவைச் செடியிலேயே முற்றவிட்டு, இதழ் காகிதம்போல் ஆனபின் கொய்தால் நிறம் ஓரளவு தங்கும். வாடாமல்லியைக் கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். யூகலிப்டஸ் கொத்து மணமானது. ஆனால் எண்ணெய் நிறைந்த இலை என்பதால் விளக்கருகே வைக்கக் கூடாது. காப்புக்கட்டுக்குச் சமவெளியிலிருந்து வரும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் பொங்கலுக்குப்பின் எறிந்துவிடாமல் இவற்றோடு சேர்க்கலாம். பூளைப்பூ காய்ந்தாலும் அதன் வெண்மை குறைவதில்லை.

கேள்வி: தோடர் பூவேலைப்பாடு அச்சிட்ட மெத்தை உறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: அச்சிட்ட நான்கு உறைகளைவிடக் கையால் தைத்த ஒரு சிறு துணியே என் தேர்வு. தோடர் பெண்கள் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியின் இருபுறமும் பார்க்கத் தக்கவை. ஆதலால் அதை அட்டையில் ஒட்டியோ, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தோ வைக்காமல், வெளிச்சுவருக்குத் தள்ளி ஒரு மூங்கிற் கோலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள்.