வண்டிக் கடனும் வாரண்டியும்: வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் யாத்ரீகர்களை ஏற்றிச் செல்வதற்காகக் கடனில் கார் வாங்கி, நானே ஓட்டி வந்தேன். வாரண்டி முடிவதற்கு முன்பே என்ஜின் பழுதாகிவிட்டது. சர்வீஸைத் தாமதமாக விட்டதே காரணம் என்று ஷோரூம் கைவிரித்துவிட்டது. வண்டி ஓடாததால் தவணையை நிறுத்தினேன். கடன் நிறுவனம் தானே சென்னையில், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் ஒருவரை நியமித்து, நான் போகாத நிலையில் முழுத் தொகைக்கும் தீர்ப்புப் பெற்று, நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்தத் தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மேலும் 30 நாள் வரை அனுமதிக்கலாமே தவிர, அதற்கு மேல் ஒரு நாளும் தர அதற்கு அதிகாரமில்லை. நடுவர் மன்றத்தின் இருக்கை, அதாவது சட்டப்படி அதன் இடம், சென்னை என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மனுவையும் அங்குதான் தாக்கல் செய்ய வேண்டும். மனுச் செய்வதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை தனியாகக் கேட்க வேண்டும். கெடுவைத் தவறவிட்டால், உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அது நிறைவேற்றப்படும். உங்கள் சொத்து இருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறிவிட்டது.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு, ஒற்றை நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது; 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் இத்தகைய ஒருதலைப்பட்ச நியமனத்தை ஏற்கவில்லை. தகராறு எழுந்த பிறகு நீங்கள் எழுத்து மூலம் வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் மட்டுமே இந்த ஆட்சேபம் அடிபடும். ஷோரூமில் பக்கம் பக்கமாகப் போட்ட கையெழுத்தோ, விசாரணைக்கு நீங்கள் போகாததோ அந்தச் சம்மதம் ஆகாது. ஆனால் தீர்ப்பு ரத்தானாலும் கடன் ரத்தாகாது. நிறுவனம் முறையாக நியமிக்கப்பட்ட நடுவர் முன் மறுபடியும் தொடங்கலாம். ஆகவே தவணையை நிறுத்தியது சரியான வழியன்று என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். என்ஜினுக்குப் பொறுப்பு ஷோரூமும் உற்பத்தியாளரும். கடன் ஒப்பந்தம் அதிலிருந்து தனியானது.

வாரண்டிக்கான வழக்கைத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொடுக்கலாம், ஏனெனில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. வாடகைக்கு ஓடும் வண்டி வணிக நோக்கத்துக்கானது, அதனால் நீங்கள் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கி, தானே ஓட்டுபவர் நுகர்வோரே என்பது 1995 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. முழுக்க வேறொரு டிரைவரை வைத்து ஓட்டியிருந்தால்தான் சிக்கல். வாரண்டிப் பத்திரத்தில் நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் ஆணையத்தின் கதவு அடைபடாது. பழுது ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான்.

சர்வீஸ் தாமதமானது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுவனம் தப்பிக்க முடியாது, அந்தத் தாமதத்தால்தான் என்ஜின் கெட்டது என்றும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. எனவே ஜாப் கார்டு, சர்வீஸ் பில்கள், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிய கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நிபுணர் ஆய்வுக்கு முன் என்ஜினைப் பிரிக்க எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். பிரித்துப் போட்ட என்ஜினிலிருந்து பழுதின் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

கேள்வி: தம்பியின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவனை விட்டுவிட்டு என்னிடம் பணம் கேட்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கேட்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. நீங்கள் கடனை அடைத்தால், நிறுவனத்துக்குத் தம்பி மீது இருந்த உரிமைகள் 140ஆவது பிரிவின்படி உங்களுக்கு வந்து சேரும். நடுவர் தீர்ப்பில் உங்கள் பெயரும் இருந்தால், மேலே சொன்ன கெடுவுக்குள் நீங்களும் தனியாக மனுச் செய்யலாம்.