கியோன் திருவிழா: வயதானவர்களோடு போகிறவர்களுக்கு 24ஆம் தேதிதான் ஏற்றது

கேள்வி: ஜூலை பிற்பகுதியில் ஐந்து நாள் கியோட்டோ போகலாம் என்றிருக்கிறோம். முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் வருகிறார். கியோன் தேர் ஊர்வலத்தை எந்த நாளில், எங்கே நின்று பார்ப்பது? கோயில்களுக்கும் நேரம் கிடைக்குமா?

பதில்: டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் 20ஆம் தேதி போய் 24 வரை தங்குங்கள். கியோன் மாட்சுரி என்றாலே 17ஆம் தேதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் திருவிழா ஜூலை 1 முதல் 31 வரை நடக்கிறது, ஊர்வலமும் இரண்டு. 17இல் 23 தேர்கள், 24இல் 11 தேர்கள். பின் ஊர்வலத்தை 1966இல் முன்னதோடு சேர்த்துவிட்டார்கள், 2014இல்தான் மறுபடி தனியாகப் பிரித்தார்கள்.

அம்மாவுக்கு நான் 24ஐச் சொல்வதற்குக் காரணம் கூட்டம். 17ஆம் தேதி ஊர்வலத்துக்கு முந்தின 15, 16 மாலைகளில் ஷிஜோ, கரசுமா சாலைகளில் போக்குவரத்தை நிறுத்தி, தின்பண்டக் கடைகள் போடுவார்கள். குறுக்குத் தெருக்களில் ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள். உள்ளே போய்விட்டால் திரும்பவும் முடியாது, உட்காரவும் இடமில்லை. 24ஆம் தேதி ஊர்வலத்துக்கு முந்தின 21 முதல் 23 வரை அந்தக் கடைகள் கிடையாது. விளக்குச் சரமும், தேரின் மேலிருந்து வரும் மணியோசையும், குழலும் மட்டுமே. ஷின்மாச்சி தெருவில் நிதானமாக நடக்கலாம். 20ஆம் தேதி பிற்பகலில் பெரிய தேர்களை வெள்ளோட்டம் விடுவார்கள். அப்போது வடத்தை யாரும் பிடிக்கலாம்.

ஊர்வலம் 24 காலை 9:30க்கு கரசுமா ஓய்கே சந்திப்பில் புறப்பட்டு, கவராமாச்சி ஓய்கே முனையில் தெற்கே திரும்புகிறது. பார்க்க வேண்டியது அந்தத் திருப்பம்தான். ட்சுஜிமவாஷி என்பார்கள். பெரிய தேர் 10 டன்னுக்கு மேல். சக்கரம் நேராக மட்டுமே உருளும். பிளந்த மூங்கில்களைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம் பிடித்துச் சறுக்கவிடுவார்கள். ஒரே இழுப்பில் முழுதாகத் திரும்பாது, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்த ஊர்வலத்தில் இப்படித் திரும்பும் பெரிய தேர்கள் நான்கு. கப்பல் வடிவ ஓஃபுனே ஹோகோ கடைசியில் வரும்.

முனையில் நிற்க இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே போய்விட வேண்டும். அம்மா அவ்வளவு நேரம் நிற்க வேண்டாம். ஓய்கே சாலையில் கட்டண இருக்கைகள் போடுவார்கள். ஜூன் தொடக்கத்திலேயே கவனித்துப் பதிவு செய்யுங்கள். அங்கே நிழல் இல்லை, குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஆகவே தொப்பி, ஈரத்துண்டு, தண்ணீர். இருக்கை கிடைக்காவிட்டால் கவராமாச்சி சாலையில் சஞ்ஜோவுக்கும் ஷிஜோவுக்கும் இடையே, கூரையிட்ட நடைபாதையில், கிழக்குப் பக்கமாக நில்லுங்கள். காலையில் கட்டட நிழல் அங்கேதான் விழும்.

அன்று காலை அந்த வட்டாரப் பேருந்துகள் வழி மாறும், நம்பாதீர்கள். சுரங்க ரயிலில் கியோட்டோ ஷியாகுஷோ மாயே நிலையத்தில் இறங்கினால் அந்த முனைக்கே வந்துவிடலாம். நிலையத்தை ஒட்டிய நிலத்தடிக் கடைவீதி குளிராக இருக்கும். வெயில் தாங்காவிட்டால் அம்மாவை அங்கே உட்காரவையுங்கள்.

மழை பெய்தாலும் ஊர்வலம் நடக்கும். ஆனால் தேரின் துணிகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுவார்கள். அந்தத் துணிகள்தான் இந்தத் திருவிழாவின் சொத்து; மினாமி கன்னோன் யமா தேருக்கு 17ஆம் நூற்றாண்டின் இந்தியச் சீட்டித்துணியே உண்டு. (கியோன் என்ற பெயரும் புத்தர் தங்கிய ஜேதவனத்தின் ஜப்பானிய வடிவம்தான்.) ஆகவே முந்தின மாலைகளிலேயே தேர்க் கூடங்களுக்குப் போய்ப் பொக்கிஷங்களைப் பார்த்துவிடுங்கள். தேர்மேல் ஏறும் படி செங்குத்து, அம்மா ஏற வேண்டாம். அங்கே விற்கும் சிமாகி என்ற இலைக்கட்டு, தின்னும் பண்டம் அல்ல. நோய் அண்டாமலிருக்க ஓராண்டு வாசலில் கட்டும் காப்பு.

கோயில்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கியோமிசு 6 மணிக்கே திறக்கும், ஆனால் ஏற்றம். முழங்காலுக்கு உகந்தது சஞ்ஜூசங்கெந்தோ: சமதளம், கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் 1001 சிலைகள், செருப்பைக் கழற்ற வேண்டும். ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் ரயிலின் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். நெருக்கமான தோரண வாயில்கள் அடிவாரத்திலேயே தொடங்கிவிடும். 233 மீட்டர் உச்சிக்கு ஏறத் தேவையில்லை.